மறுப்புச் சூள்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் சொல்லுக்குத் தெய்வத்தைச் சான்றாக அழைக்கும் வழக்கம் ஏறக்குறைய எல்லா நாகரிகங்களிலும் காணப்படுவதாகும். பழந்தமிழர் அதனைச் சூள் என்றனர். ‘இன்னது செய்யேனாயின் இன்னவாறு ஆகுக’ என வீரன் உரைக்கும் நெடுமொழியை வஞ்சினம் என்றனர். பூதப்பாண்டியன், நெடுஞ்செழியன், நலங்கிள்ளி ஆகிய மூவர் கூறிய வஞ்சினங்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இவை யாவும் ஒன்றைச் செய்து முடிப்பேன் என உடன்பட்டு உரைப்பவை. இவற்றுக்கு மறுதலையான சூளொன்றும் உலக வரலாற்றில் உண்டு. ‘இன்ன அரசனுக்கு யான் குடியல்லேன், இன்ன கொள்கையை யான் நம்புகின்றிலேன், முன்னர்ப் பற்றியதை இன்று கைவிட்டேன்’ என்று பலரறியக் கூறுவிக்கப்படும் சூள் அது. அதனை மறுப்புச் சூள் எனலாம்.

உடன்பாட்டுச் சூள் இருக்க, மறுப்புச் சூள் எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ‘அரசனுக்கு உண்மையாய் இருப்பேன்’ எனக் கூறுபவன் அதனோடு வேறொருவனுக்கும் உண்மையாய் இருத்தல் கூடும். ஓர் உள்ளத்தில் இரு பற்றுக்கள் தங்குதலைக் காவலர் அஞ்சுவர். ஆகவே, ஒன்றைப் பற்றினான் என்று அறிதல் அவர்க்குப் போதாது. மற்றதை விட்டான் என்றும் அறிய விழைவர். உள்ளமோ கண்ணுக்குப் புலனாகாதது. அதனைப் புலப்படுத்தும் கருவியாக நாவினையும் எழுத்தாணியையும் கொள்ள அரசுகள் முயன்றன. அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, யாரைப் பிடித்தது, யாரைத் தப்பவிட்டது, எவ்வாறு முடிந்தது என்பவற்றை முறையே காண்பாம்.

உரோமப் பேரரசில்

கி. பி. 112 ஆம் ஆண்டளவில் பித்தினியா - பொந்தசு மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, பேரரசன் திராயனுக்கு எழுதிய திருமுகம் ஒன்று இன்றும் உளது. கிறித்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த முறையை அதில் அவன் விளக்குகின்றான். தாம் கிறித்தவரல்லர் என மறுத்தோர் உரோமத் தெய்வங்களை வழுத்தினர், பேரரசனின் படிமத்துக்கு நறும்புகையும் மதுவும் படைத்தனர், கிறித்துவைப் பழித்துரைத்தனர். அவ்வாறு செய்தோரை அவன் விடுவித்தான். உண்மைக் கிறித்தவரை இச்செயல்களுள் எதனையும் செய்விக்க இயலாது எனத் தான் கேள்வியுற்றதாகவும் அவன் குறிப்பிடுகின்றான். மறுப்புச் சூளின் முழுத் தத்துவமும் அவ்வொரு குறிப்பில் அடங்கியுளது. பொய்யுரைக்க மாட்டாதவன் அகப்படுவான் என்னும் நம்பிக்கையின் மேலேயே அச்சோதனை கட்டப்பட்டது. பெயரிடாது வந்த முறைப்பாடுகளை ஏற்கலாகாது என்றும், அவர்களைத் தேடிப் பிடித்தல் வேண்டா என்றும் திராயன் மறுமொழி விடுத்தான்.

அடுத்த நூற்றாண்டில் இத்தயக்கம் நீங்கிற்று. கி. பி. 249 இல் அரசுகட்டில் ஏறிய தெக்கியு என்பான், பேரரசின் குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெறல் வேண்டும் என ஆணை பிறப்பித்தான். எகிப்தின் வறண்ட மணலிற் புதையுண்டு கிடந்த பப்பிரசுத் தாள்களில் அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. யாவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. விண்ணப்பிப்பவர் தாம் எக்காலத்தும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்பொழுது அதிகாரிகள் முன்னிலையில் மது வார்த்துப் படையலை உண்டதாகவும் கூறி, அதனை உறுதிசெய்து ஒப்பமிடுமாறு வேண்டுவர். முதலைத் தெய்வமொன்றின் பூசகியாகிய பெண்ணொருத்தி பெற்ற சான்றிதழும் அவற்றுள் ஒன்று. பழைய தெய்வங்களுக்கே தொண்டு செய்தவளும் தன் பற்றினை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தமை, அவ்வாணை எத்துணை விரிந்தது என்பதைக் காட்டும்.

கிறித்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே கைக்கூலி கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். கொடுமை தணிந்தபின், வழுவியோரை மீளச் சேர்ப்பதா என்னும் வினா அச்சபையைப் பிளந்தது. கார்த்தேச்சின் மேற்றிராணியாராகிய சிப்பிரியன், சான்றிதழ் மாத்திரம் வாங்கியோர்க்கும் பலியிட்டோர்க்கும் வேறுபாடு கண்டு, நீண்ட தவத்தின்பின் அவர்களை ஏற்கும் வழியினை வகுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெருங்கொடுமையின்போது வேத ஏடுகளை ஒப்புவித்தவர்கள் பற்றிய பூசல், வட ஆபிரிக்கத் திருச்சபையை இரண்டாக்கி, நூறாண்டுக்கு மேல் நீடித்தது. மறுப்பினைக் கேட்டவன் மறைந்த பின்னரும் மறுத்தோர்க்கும் மறாதோர்க்குமிடையே எழுந்த பகை மறையாது நின்றமை கருதத்தக்கது.

காலச்சக்கரம் சுழன்றது. முன்னர் மறுப்புரைக்கும்படி நெருக்கப்பட்ட சமயமே பின்னர் மறுப்புரையைத் தன் சடங்கினுள் அமைத்துக்கொண்டது. ஞானஸ்நானம் பெறுவோர் சாத்தானையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுவதாக உரைக்கும் வழக்கம் தொன்மையானது, இன்றும் நிலவுவது. மன்னன் சார்லிமேன் கி. பி. 772 முதல் 804 வரை சாக்சனியருடன் பொருது அவர்களை மதம் மாற்றினான். அக்காலத்தையொட்டி எழுந்த பழஞ்சாக்சனிய மொழி வாய்பாடு ஒன்று வத்திக்கான் ஏட்டுச் சுவடியில் உளது. அதில் சாத்தானோடு துனேர், வோடன், சக்சநோத் என்னும் அம்மக்களின் குலதெய்வங்களும் பெயர் சுட்டித் துறக்கப்படுகின்றன. வாளின் முன்னர் உரைக்கப்பட்ட அம்மறுப்பினால் அத்தெய்வங்களின் பெயர்கள் ஏட்டிலே நிலைபெற்றன என்பது வரலாறு தரும் வியப்புக்களுள் ஒன்று.

இங்கிலாந்தில்: 1534 முதல் 1689 வரை

மறுப்புச் சூளை ஆட்சிக் கருவியாக முழுமையுற வளர்த்த நாடு இங்கிலாந்தாகும். எட்டாம் ஹென்றி, அரசி கதரீனாளை விலக்கி ஆன் பொலினை மணந்தபின், 1534 இல் அரசுரிமைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தான். பருவமெய்திய குடிகள் அனைவரும் அச்சட்டத்தை ஏற்றுச் சூளுரைத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பிரபுக்களும் அதிகாரிகளும் சூளுரைத்தல் பழைய வழக்கம். உழவனும் வணிகனும் அவ்வாறு உரைக்குமாறு கேட்கப்பட்டமை புதுமை.

முன்னாள் முதன் மந்திரியாகிய தோமஸ் மோர் இலம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். ஆனின் வழித்தோன்றல்கள் அரசுகட்டில் ஏறுவதை ஏற்க அவர் ஆயத்தமாயிருந்தார். யாருக்கு முடி சூட்டுவது என்பது நாட்டு மன்றம் தீர்மானிக்கத்தக்கது என்பது அவர் கருத்து. ஆயினும், சூளின் வாசகம் அதனோடு நில்லாது, முதல் திருமணம் செல்லாதது என்பதனையும் பாப்பரசரின் அதிகாரத்தை மறுப்பதனையும் உடன் பிணித்திருந்தது. அவ்வாசகத்தை அவ்வாறே ஏற்க அவர் மறுத்தார். மறுப்பதற்குரிய காரணத்தைக் கூறவும் மறுத்தார். சட்டத்தில் வல்லவரான அவர், வாய் திறவாதிருத்தல் குற்றமாகாது என்னும் நியாயத்தில் தஞ்சமடைந்தார். அந்நியாயம் அவரைக் காக்கவில்லை. றொச்செஸ்ரர் மேற்றிராணியார் யோன் பிஷர் 1535 யூன் 22 ஆம் நாளிலும், மோர் யூலை 6 ஆம் நாளிலும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். சூளுரையாமை மாத்திரமன்றி, சூளைக் குறித்து மௌனமாயிருத்தலும் உயிர்க்கு ஊறாகும் என்பதை நாடு அறிந்தது.

1559 இல் முதலாம் எலிசபெத்தின் பாராளுமன்றம் அரசியைத் திருச்சபையின் மேலாளராக ஏற்று, அந்நிய அதிபதி எவர்க்கும் இந்நாட்டில் அதிகாரமில்லை எனத் துறந்துரைக்கும் சூளை விதித்தது. அந்நாளில் ஆசனத்திலிருந்த மேற்றிராணியார் ஏறத்தாழ அனைவரும் அதனை மறுத்துப் பதவி இழந்தனர். 1570 இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ், எலிசபெத்தைச் சபைக்குப் புறம்பாக்கி, குடிகளை அவளுக்குக் கீழ்ப்படியும் கடமையினின்றும் விடுவித்தார். இதனால் ஆங்கிலக் கத்தோலிக்கரின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையாயிற்று. சமயத் தலைவரின் ஆணையை ஏற்பின் அரசத் துரோகி. அரசியை ஏற்பின் சமயத் துரோகி.

1605 இல் வெடிமருந்துச் சதி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் முதலாம் யேம்சு மன்னன் புதியதோர் சூளை வகுத்தான். பாப்பரசரால் விலக்கப்பட்ட அரசரைக் குடிகள் பதவி நீக்கலாம், கொல்லலாம் என்னும் கோட்பாட்டைத் தெய்வ நிந்தனையும் மதவிரோதமுமானதென வெறுத்துத் துறப்பதாக அதன் வாசகம் அமைந்தது. இதன் சூழ்ச்சித்திறன் நோக்கத்தக்கது. அரசனுக்கு அமைவேன் என்று மட்டும் கேட்டிருப்பின் கத்தோலிக்கர் பெரும்பாலார் மனமுவந்து உடன்பட்டிருப்பர். ‘மதவிரோதம்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்ததனால், பாப்பரசரின் கோட்பாட்டைத் தீர்ப்பிடும் உரிமையைக் குடியானவன் தானே ஏற்கவேண்டியதாயிற்று. பாப்பரசர் ஐந்தாம் பவுல் இச்சூளைத் தடைசெய்தார். ஆங்கிலக் கத்தோலிக்கக் குருமாரின் தலைவராகிய ஜோர்ஜ் பிளாக்வெல் அதனை ஏற்றமையால் 1608 இல் பதவியினின்றும் அகற்றப்பட்டார். ஒரே சமயத்தார், ஒரே சிறையில், ஒரு வாசகத்தின் பொருட்டு இரு பிரிவாயினர்.

அச்சூளில் மற்றொரு வாசகமும் இருந்தது. கூறுவதை இரட்டுற மொழியாமலும் உள்ளத்தில் மறைத்து வையாமலும் கூறுகின்றேன் என்பது அது. யேசு சபையார் சிலர், அநீதியான வினாவிற்கு இருபொருள்பட விடை கூறல் பொய்யாகாது எனக் கற்பித்தனர். அக்கொள்கை குறித்து நூலெழுதிய ஹென்றி கார்னெற் 1606 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். இரட்டுறமொழிதலை அடைக்கும் பொருட்டு, ‘கிறித்தவனொருவனின் மெய்ந்நம்பிக்கையின்மேல்’ இதனைக் கூறுகின்றேன் என்னும் முடிவுரையும் சூளுடன் சேர்க்கப்பட்டது. யேசு சபையாரைப் பிடிப்பதற்காக வைத்த அவ்வலையில் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்டோர் வேறொரு சாரார் என்பதைப் பின்னர்க் காண்பாம்.

1673 ஆம் ஆண்டுச் சோதனைச் சட்டம், அரச பதவி வகிப்போர் யாவரும் ஆங்கிலத் திருச்சபை முறைப்படி நற்கருணை பெற்று, அப்பமும் இரசமும் கிறித்துவின் உடலும் குருதியுமாகப் பொருண்மாற்றம் அடைதலை மறுத்துரைத்தல் வேண்டும் என்றது. நுண்ணிய தத்துவ வினாவொன்று கடற்படைத் தலைவனுக்கும் சுங்க அதிகாரிக்கும் தகுதித் தேர்வாயிற்று. அரசனின் தம்பியாகிய யோர்க் கோமகனே அதனை மறுத்துக் கடற்படைத் தலைமையைத் துறந்தான். 1678 இல் இம்மறுப்புரை பாராளுமன்றத்தின் இரு சபைகட்கும் விரிந்தது. முடிசூடும் அரசரும் இதனைக் கூறல் வேண்டும் எனப் பின்னர் விதிக்கப்பட, 1910 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாசகம் மாற்றப்படும்வரை, தம் குடிகளுட் பல இலட்சம் பேரின் வழிபாட்டை இகழ்ந்துரைத்தே ஆங்கில அரசர் ஆட்சி தொடங்கினர்.

அந்த யோர்க் கோமகனே 1685 இல் இரண்டாம் யேம்சு ஆனான். 1688 இல் அவனது சமய ஆணையை எதிர்த்த ஏழு மேற்றிராணியார் சிறையிடப்பட்டு, விசாரணையில் விடுதலை பெற்றனர். அவ்வாண்டிறுதியில் அரசன் நாட்டை விட்டோடினான். வில்லியமும் மேரியும் முடிசூடினர். புதிய அரசர்க்குச் சூளுரைக்குமாறு குருமார் பணிக்கப்பட்டபோது, கந்தர்பெரி அதிமேற்றிராணியார் சான்குறொப்ற் மறுத்தார். அவருடன் மேலும் ஐந்து மேற்றிராணியாரும் ஏறக்குறைய நானூறு குருமாரும் பதவியிழந்தனர். யேம்சினாற் சிறையிடப்பட்ட எழுவருள் ஐவர் அதே யேம்சுக்கு முன்னர்ச் செய்த சூளை மீற ஒருப்படவில்லை. அவனால் துன்புற்றோரே அவனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்தனர். அவனால் நன்மையடைந்தோர் பலர் இரவோடிரவாகப் புதிய சூளை ஏற்றனர்.

சூளின் சொற்கள் சூளின் காரணத்தைக் கடந்து வாழ்தல்

1701 இல் இரண்டாம் யேம்சு பிரான்சில் இறந்தான். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, இறந்தவனின் மைந்தனை இங்கிலாந்தின் அரசனென அறிவித்தான். அதற்கு விடையாகவே, அம்மைந்தனுக்கு எவ்வுரிமையும் இல்லையென முற்றாகத் துறந்துரைக்கும் துறப்புச் சூள் சட்டமாக்கப்பட்டது. அந்நாளில் அதற்குக் காரணம் இருந்தது. 1715 இலும் 1745 இலும் ஸ்ரூவர்ட் மரபினர்க்காகக் கிளர்ச்சிகள் எழுந்தன. அம்மைந்தன் 1766 இல் இறந்தான். அம்மரபில் எஞ்சிய இறுதி ஆண்மகனாகிய கர்தினால் ஹென்றி ஸ்ரூவர்ட் 1807 இல் மறைந்தான். அதன்பின்னும் ஐம்பது ஆண்டுகளாகப் பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து நின்று அவ்வழித்தோன்றல்களைத் துறந்துரைத்தே ஆசனத்தில் அமர்ந்தனர். இல்லாத ஒருவனை மறுத்துரைக்கும் சூளாயினும், அதனைக் கூறாதவன் உள்ளே நுழைதல் இயலாது.

உண்மையில் நுழைய முடியாது நின்றோர் யூதர். ஸ்ரூவர்ட் மரபைத் துறப்பதில் அவர்க்குத் தடையேதுமில்லை. சூளின் முடிவிலுள்ள ‘கிறித்தவனின் மெய்ந்நம்பிக்கையின்மேல்’ என்னும் சொற்களே அவர்களை மறித்தன. 1847 இல் இலண்டன் மாநகர் லயனல் டி றொத்சைல்ட் என்பாரைத் தெரிவு செய்தது. அவர் அமர இயலவில்லை. 1851 இல் தெரிவான டேவிட் சலமன்ஸ் அச்சொற்களை விடுத்துச் சூளுரைத்து அமர்ந்து வாக்கும் அளித்தார். ஐந்நூறு பவுண் தண்டம் விதிக்கப்பெற்றார். பிரபுக்கள் சபை பலமுறை தடுத்தபின், 1858 யூலை 26 ஆம் நாள், றொத்சைல்ட் தலையை மூடிக்கொண்டு, பழைய ஏற்பாட்டின்மேல் சூளுரைத்து ஆசனத்தில் அமர்ந்தார். துறப்புச் சூளும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. கத்தோலிக்கர் அதற்கு முன்னரே, 1829 இல், பாராளுமன்ற உரிமை பெற்றிருந்தனர்.

சூளுரைத்தலே தம் வேதத்துக்கு மாறானது எனக் கொண்ட குவேக்கர் என்னும் நண்பர் சபையார்க்கு, உறுதிமொழி கூறி அமையும் உரிமையை 1696 ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரின் வினா 1880 இல் எழுந்தது. நோதாம்ரன் தொகுதியில் தெரிவான சார்ள்ஸ் பிராட்லோ உறுதிமொழி கூற இசைவு கேட்டார், மறுக்கப்பட்டது. அவ்வாறாயின் சூளே உரைப்பேன் என்றார். கடவுளை நம்பாதவனின் சூள் செல்லாதென அதுவும் மறுக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டும் மீண்டும் மீண்டும் தெரிவாகியும், 1886 இலேயே அவர் ஆசனம் பெற்றார். சமய நம்பிக்கை இல்லாதோரும், சூளுரைத்தல் தம் சமயத்துக்கு மாறெனக் கொள்வோரும் சூளுக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்னும் 1888 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியால் விளைந்தது.

யப்பானில்

யப்பானில் 1614 இல் தொக்குகாவா ஆட்சி கிறித்தவ சமயத்தைத் தடைசெய்தது. நாகசாக்கிப் பகுதியில் கிறித்துவின் அல்லது கன்னி மரியாளின் உருவம் பொறித்த தகட்டினைக் காலால் மிதிக்கச் செய்யும் வழக்கம் 1620 களில் தோன்றியது. அதனை ‘பூமியே’ என்பர். மிதிப்பவன் முகத்தில் தோன்றும் தயக்கமே சான்றாகக் கொள்ளப்பட்டது. சமயத்தைக் கைவிட்டோர் எழுத்தில் சூளும் தரல் வேண்டியிருந்தது. பௌத்த, சிந்தோத் தெய்வங்களின் பெயரால் மட்டும் அவர்கள் சூளுரைத்தால் அச்சூள் அவர்களைப் பிணிக்குமா என அதிகாரிகள் ஐயுற்றனர். ஆகவே, பிதா, சுதன், தூய ஆவி, சாந்தா மரியா, வானவர் ஆகியோர் பெயராலும், சூளை மீறின் யூதாசின் கதியை அடைவோம் என்றும் கூறி, அத்திருமூவரையே துறந்துரைக்கும் விசித்திரமான சூள் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. கூறுபவன் உண்மையிலேயே துறந்தானாயின் அப்பெயர்கள் அவனைப் பிணிக்கா. அப்பெயர்கள் அவனைப் பிணிக்குமாயின் அவன் துறந்தானல்லன். மறுப்புச் சூளின் உள்முரண்பாடு இதனினும் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டிலது.

அச்சூளின் பயன் யாது? 1865 மார்ச் 17 ஆம் நாள், நாகசாக்கியில் அந்நியர்க்கெனப் புதிதாகக் கட்டப்பெற்ற ஓவுரா ஆலயத்துக்கு வந்த ஊராகாமிக் கிராமத்தார் சிலர், அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தாமும் அவர் நெஞ்சத்தினரே எனத் தெரிவித்தனர். குருமாரின்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, தந்தை மைந்தர்க்குச் சொல்லி அச்சமயம் காக்கப்பட்டிருந்தது. அவர்தம் முன்னோர் ஆண்டுதோறும் படிமத்தை மிதித்து, வீடு சென்று மன்னிப்பு வேண்டித் தவம் செய்தோராவர். தடைப்பலகைகள் 1873 இல் அகற்றப்பட்டன.

அமெரிக்காவில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1795 ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை பெறுவோர் தாம் முன்னர்க் கீழ்ப்பட்டிருந்த அந்நிய அரசனுக்கும் நாட்டிற்குமுரிய பற்றினை முற்றாகத் துறந்துரைக்கவேண்டும் என்றது. உயர்குடிப் பட்டங்களையும் அவர்கள் துறத்தல் வேண்டும். அச்சூள் இன்றும் வழங்குகின்றது. தானே விரும்பி நாடு மாறுபவன் உரைக்கும் இச்சூள், அச்சுறுத்திப் பெறும் சூளின் வேறாயது என்பது உணரத்தக்கது.

உள்நாட்டுப் போரின்போது எழுந்தது வேறொரு வகை. 1862 இல் வகுக்கப்பெற்ற ‘இரும்புக்கவசச் சூள்’ எதிர்காலப் பற்றினை மாத்திரம் கேட்கவில்லை. எக்காலத்தும் அரசுக்கெதிராக ஆயுதமேந்தியதோ துணைநின்றதோ இல்லை என இறந்த காலத்தையும் மறுத்துரைக்கக் கேட்டது. மிசூரி மாநிலத்தின் 1865 ஆம் ஆண்டு யாப்பு, ஆசிரியர், நியாயவாதிகள், குருமார் ஆகியோர்க்கும் அத்தகைய சூளை விதித்தது. சூளுரையாது பிரசங்கித்த கத்தோலிக்கக் குருவான கம்மிங்ஸ் என்பார் தண்டிக்கப்பட்டார். 1867 இல் உயர் நீதிமன்றம், ஐவர் நால்வர் என்னும் குறுகிய பெரும்பான்மையால், விசாரணையின்றி ஒருவனைத் தண்டிப்பதற்குச் சூளினைக் கருவியாக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது.

எனினும், இருபதாம் நூற்றாண்டிலும் அக்கருவி கைவிடப்படவில்லை. 1949 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, தாம் பொதுவுடைமைக் கட்சியினரல்லர் எனப் பேராசிரியர்கள் சூளுரைத்தல் வேண்டும் என விதித்தது. மறுத்தோருள் முப்பத்தொருவர் 1950 இல் நீக்கப்பட்டனர். மறுத்தோருள் ஒருவர் இடைக்கால வரலாற்றறிஞர் ஏர்ன்ஸ்ட் கான்றொறோவிச். அவர் 1919 இல் ஜேர்மனியில் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளர்க்கெதிராக ஆயுதமேந்திப் போராடியவர். பின்னர் நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர். பொதுவுடைமையை மறுத்துரைப்பதில் அவர்க்கு யாதொரு தடையுமில்லை. ஆசிரியத் தொழிலின் மதிப்பு ஆசிரியனின் மனச்சான்றினைச் சார்ந்தது. அதனை ஊதியத்திற்கு ஈடாகக் கேட்டல் ஆகாது என்பதே அவர் நிலை. வழக்குத் தொடுத்தோர்க்குச் சார்பாக மாநில உயர் நீதிமன்றம் 1952 இல் தீர்ப்பளித்தது. மறுப்புச் சூளை மறுப்பவன் மறுக்கப்படும் பொருளை ஆதரிப்பவனாதல் வேண்டும் என்பதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இலங்கையில்

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தி, தம் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானத்தை அரச பதவிகளுக்குத் தகுதியாக்கினர். விவாகமும் ஞானஸ்நானமும் கோவிற்பற்றுப் பாடசாலைகளிற் பதியப்பட்டன. ஏட்டில் கிறித்தவராகவும் இல்லத்தில் முன்னோர் நெறியினராகவும் வாழ்ந்த மக்கள் பலர். ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், ஏட்டிலிருந்த சமயம் விரைவில் உதிர்ந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளைத் தேசாதிபதி மெயிற்லண்டின் ஆட்சி 1806 இல் நீக்கிற்று. இங்கிலாந்து தன் நாட்டுக் கத்தோலிக்கர்க்குப் பாராளுமன்றத்தைத் திறந்ததற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னரே, அதன் குடியேற்ற நாடொன்று அவ்வழியிற் சென்றமை குறிப்பிடத்தக்கது.

1983 யூலையில் நாடெங்கும் தமிழர்க்கெதிராக வன்செயல் நிகழ்ந்தது. அதன்பின், அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில், அரசியல் யாப்புக்கான ஆறாவது திருத்தம் நிறைவேறியது. இலங்கையின் ஆள்புலத்தினுள் தனி அரசொன்று நிறுவப்படுதலை நேராகவோ மறைமுகமாகவோ, உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ மாட்டேன் எனப் பாராளுமன்ற உறுப்பினரும் அரச அலுவலரும் சத்தியமோ உறுதியுரையோ செய்தல் வேண்டும் என அது விதித்தது. 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் தனி அரசுக்கு ஆணை கேட்டுப் பதினெட்டு இடங்களை வென்றிருந்த தமிழர் ஐக்கிய விடுதலை முன்னணியின் உறுப்பினர் அச்சத்தியத்தைச் செய்யாது விலகியிருந்து தம் ஆசனங்களை இழந்தனர். வடக்கு, கிழக்குத் தமிழரிற் பெரும்பாலாரின் குரல் பாராளுமன்றத்திற் கேளாதொழிந்த ஆண்டுகள், நாடு போரினுள் ஆழ்ந்த ஆண்டுகளுமாகும். போருக்குக் காரணங்கள் பல. எனினும், பேசுவதற்கென அமைந்த மன்றத்தின் வாயிலில் ஒரு சூள் நின்றமையும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கது. அத்திருத்தம் நீக்கப்பட்டிலது. 2017 ஓகஸ்ற் 4 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றில், கூட்டாட்சி முறையை வேண்டுதல் தனி அரசை வேண்டுதலாகாது என உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. சூளின் வாசகம் எதனைத் தடுக்கின்றது, எதனைத் தடுக்கவில்லை என்பதைத் தீர்மானிக்க முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மைகள் மூன்று. முதலாவது, மறுப்புச் சூள் பொய்யனைப் பிடிப்பதில்லை, மெய்யனையே பிடிக்கின்றது. சூளுரைத்துச் சூழ்ச்சி செய்பவன் தடையின்றிப் புகுவான். அவனை விலக்குதற்கென அமைத்த வாயிலில், சொல்லுக்கு அஞ்சுபவன் மாத்திரம் நின்றுவிடுகின்றான். அரசு தன் பணிக்கு மிகவும் வேண்டிய பண்புடையாரை இவ்வாறு தானே இழக்கின்றது. இரண்டாவது, சூளின் சொற்கள் அவற்றைத் தோற்றுவித்த அச்சத்தினும் நீண்ட காலம் வாழ்வன. யேசு சபையார்க்கு வைத்த சொல் யூதர்மேல் விழுந்தது. இறந்துபட்ட மரபினை உயிரோடிருப்போர் ஐம்பது ஆண்டுகள் துறந்தனர். மூன்றாவது, மறுப்பினால் நம்பிக்கை அழிவதில்லை. அது வீட்டினுள்ளும் நெஞ்சினுள்ளும் புகுந்து, அங்கே அரசின் கண்ணுக்கு எட்டாதிருந்து வாழ்கின்றது.

அரசுகள் தம்மைக் காத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுத்தல் இயலாது. செயலாற் குற்றம் செய்தவனை விசாரித்துத் தண்டித்தல் அவற்றின் கடமை. ஆயினும், செயலுக்குரிய சட்டத்தால் தடுக்கவேண்டியதை நெஞ்சுக்குரிய சூளினால் தடுக்க முற்படும்போது, சட்டமும் பயனிழக்கின்றது, சூளும் மதிப்பிழக்கின்றது. ஒருவன் தானே முன்வந்து ‘இதனைச் செய்வேன்’ எனக் கூறும் சொல்லே அவனைப் பிணிக்கும். ‘இதனை நம்பேன்’ என அச்சத்தினால் நாவிலிருந்து பறிக்கப்படும் சொல், பறித்தவன் கையில் ஏட்டுத் துண்டாக எஞ்சுமேயன்றி, உரைத்தவன் உள்ளத்தில் வேரூன்றாது. எகிப்தின் மணலிற் கிடைத்த அச்சான்றிதழ்கள் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வுண்மைக்கே சான்று பகர்ந்து நிற்கின்றன.